காரின் காற்று வடிகட்டிக்குக் கிருமிக்கொல்லிப் பூச்சு தேவையா?

காரைப் பராமரிப்புக்கு விடும்போது பணிமனையில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி எழுகிறது: "ஏ.சி. ஃபில்டர் மாற்ற வேண்டியிருக்கிறது. சாதாரணமானதைப் போடலாமா, ஆன்டி-பாக்டீரியல் போடலாமா?" இரண்டாவது வகையின் பெட்டி மீது கேடயம் ஒன்று வரையப்பட்டிருக்கும், கிருமிகளை 99 விழுக்காடு அழிக்கும் என்ற வாசகமும் இருக்கும். விலை சற்றே கூடுதல். மற்றவர்கள் இக்கேள்வியை ஒரு நொடியில் கடந்துவிடுவர். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரையோ, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவரையோ, ஆஸ்துமா உள்ள குழந்தையையோ அதே காரில் மருத்துவமனைக்கு அழைத்து வருபவருக்கு அது எளிதன்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொள்கிறது. அந்த அச்சத்தின் பேரிலேயே பெரும்பாலோர் கூடுதல் விலையைத் தந்துவிடுகின்றனர்.

இது குறித்து என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நோயாளிக்காக என்று எண்ணிப் பூச்சு பூசிய வடிகட்டியை வாங்க வேண்டிய தேவை இல்லை. நல்ல தரமான சாதாரண வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது போதுமானது. பல சூழல்களில் அதுவே மேலானது. இக்கருத்துக்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

வடிகட்டி என்ன செய்கிறது?

ஒரு காரில் இரண்டு காற்று வடிகட்டிகள் உண்டு. ஒன்று எஞ்சினுக்குச் செல்லும் காற்றைத் தூய்மைப்படுத்துவது. மற்றொன்று நாம் அமர்ந்திருக்கும் பகுதிக்கு வரும் காற்றைத் தூய்மைப்படுத்துவது. பின்னதைத்தான் கேபின் ஃபில்டர் அல்லது ஏ.சி. ஃபில்டர் என்கிறோம். பெரும்பாலான கார்களில் இது முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். மடிப்பு மடிப்பாக மடிக்கப்பட்ட செயற்கை இழைத் துணியே இதன் உடல். சிலவற்றில் வாடையையும் புகையிலுள்ள வாயுக்களையும் உறிஞ்சும் கரி அடுக்கு ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கும்.

இத்துணி சல்லடையைப் போல மட்டும் வேலை செய்வதில்லை. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல இயலாமல் இழைகளில் மோதி நின்றுவிடுகின்றன. மிகச் சிறிய துகள்கள் காற்றில் இங்குமங்கும் அலைந்து இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. பல வடிகட்டிகளின் இழைகளுக்கு நிலைமின்னூட்டமும் ஏற்றப்பட்டிருப்பதால், அவை துகள்களைத் தம்பால் ஈர்க்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்து ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரான் அளவுடையது. வெள்ளணுக்கள் மிகக் குறைந்துள்ள நோயாளிகளின் நுரையீரலைத் தாக்கக்கூடியது என்பதால் மருத்துவர்கள் பெரிதும் அஞ்சும் பூஞ்சை இது. இந்த அளவுள்ள துகள்களில் கணிசமான பங்கை நல்ல வடிகட்டி பிடித்து நிறுத்தும்.

ஆயினும் காரின் வடிகட்டியை மருத்துவமனையின் ஏற்பாட்டோடு ஒப்பிடலாகாது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகளில் பொருத்தப்படும் ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்க வல்லது. அத்துடன் அறைக் காற்று மணிக்குக் குறைந்தது 12 முறை மாற்றப்படுகிறது. வெளிக்காற்று உள்ளே கசியாதவாறு அறையின் அழுத்தமும் உயர்த்தி வைக்கப்படுகிறது. இங்கு நோயாளியைக் காப்பவை துகளைப் பிடிக்கும் ஆற்றலும் காற்றின் ஓட்டமுமே.

பூச்சு என்ன செய்கிறது?

கிருமிக்கொல்லிப் பூச்சுகளில் வெள்ளி, துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் சேர்மங்களோ வேறு கரிம வேதிப்பொருள்களோ பயன்படுத்தப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, வெள்ளியின் அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களோடு பிணைந்து அதன் இயக்கத்தைக் குலைக்கின்றன. இது மெய்யான அறிவியல். தீக்காயங்களுக்கு வெள்ளி கலந்த களிம்பை நாமே பயன்படுத்துகிறோம். ஆனால் இச்செயல் நிகழ ஈரம் வேண்டும், நெருங்கிய தொடுதல் வேண்டும், போதிய நேரமும் வேண்டும்.

பெட்டியில் அச்சிடப்படும் 99 விழுக்காடு எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். பூச்சுள்ள பரப்புகளுக்கான பன்னாட்டுச் சோதனை முறைகளுள் ஒன்று ஐ.எஸ்.ஓ. 22196. அதன்படி, பாக்டீரியா கலந்த திரவம் ஒரு சமதளத் துண்டின் மீது பரப்பப்பட்டு, மெல்லிய படலத்தால் மூடப்படுகிறது. 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்தில், 24 மணி நேரம் வைத்த பின்னர் உயிரோடு எஞ்சியவை எண்ணப்படுகின்றன. துணிகளுக்கென வேறு சோதனை முறை உண்டு. அதிலும் கிருமி பரப்பின் மேல் பல மணி நேரம் தங்கியிருக்கிறது.

காரிலோ, காற்று வடிகட்டியின் ஊடே ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கடந்துவிடுகிறது. இழையில் படாமல் தப்பிச் செல்லும் கிருமியைப் பூச்சு தொடுவதே இல்லை. தொடாத ஒன்றை அதனால் கொல்லவும் இயலாது. இழையில் சிக்கிய கிருமியோ ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது. அது அங்கே உயிரோடு இருப்பதற்கும் இறந்து கிடப்பதற்கும் நோயாளியின் மூச்சைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. மேலும், சில வாரங்களிலேயே இழைகளின் மேல் சாலைத் தூசியும் புகைக்கரியும் படிந்துவிடுகின்றன. அதன் பிறகு வரும் கிருமிகள் பூச்சின் மேல் அமர்வதில்லை. தூசியின் மேல் அமர்கின்றன.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டுபவை பூஞ்சை வித்தில் உள்ள புரதங்கள். வித்து இறந்தாலும் அப்புரதங்கள் அதில் எஞ்சியிருக்கும். எனவே கொல்வதால் ஒவ்வாமை நீங்குவதில்லை. வித்து மூக்கை எட்டாமல் தடுப்பதால் மட்டுமே நீங்குகிறது.

பூச்சுக்கு எந்தப் பயனும் இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய வடிகட்டியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரக்கூடும்; ஏ.சி.யைப் போட்டவுடன் வரும் புழுங்கல் வாடைக்கு அதுவும் ஒரு காரணம். வடிகட்டியின் மேலேயே அவை வளர்வதைப் பூச்சு சில காலம் மட்டுப்படுத்தலாம். ஆனால் அவ்வாடையின் முதன்மையான இருப்பிடம் பெரும்பாலும் வடிகட்டிக்கு அப்பால் உள்ள குளிர்விக்கும் சுருள். ஏ.சி. ஓடும்போதெல்லாம் அதன் மேல் நீர் திரள்கிறது. வடிகட்டியின் பூச்சு அங்கே சென்று சேர்வதில்லை. சுருளைத் தூய்மைப்படுத்துவதும், நீர் வடியும் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுமே அதற்குத் தீர்வு.

கொரியா கற்ற பாடம்

நன்மை சிறிதாக இருந்தாலும் தீமை இல்லையே, வாங்கி வைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத் தென்கொரியாவில் நடந்ததைக் கூற விரும்புகிறேன்.

2011-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், சியோல் நகரில் கருவுற்ற பெண்களும் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரும் காரணம் புரியாத கடும் நுரையீரல் பாதிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து, வீட்டு ஈரப்பதமூட்டிகளின் நீரில் கலக்கப்பட்ட கிருமிநாசினியே காரணம் என்று அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சுட்டிக்காட்டியது. கிருமி வளரக் கூடாது, குழந்தை தூய காற்றை மூச்சிழுக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அக்குடும்பங்கள் அதை வாங்கியிருந்தன. குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்று விற்கப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. அவற்றில் பயன்பட்ட பி.எச்.எம்.ஜி. என்னும் வேதிப்பொருள் பரப்புகளைத் தூய்மைப்படுத்தப் பயன்பட்டுவந்த ஒன்று. அது நுண்துளியாகி நுரையீரலுக்குள் சென்றால் என்ன ஆகும் என்பது விற்பனைக்கு முன் உரிய முறையில் சோதிக்கப்படவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்கள் பறிபோயின. மூச்சுத் திணறலோடு வாழ்நாளைக் கழிப்போர் இன்றும் உள்ளனர்.

இத்துயரம் ஆறாதிருந்த 2016-ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில், அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகம் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. வீட்டுக் காற்றுத் தூய்மிகளிலும் வாகன ஏ.சி.களிலும் பொருத்தப்பட்ட கிருமிக்கொல்லி வடிகட்டிகள் சிலவற்றில் ஆக்டைல் ஐசோதயசோலினோன் என்னும் பொருள் கண்டறியப்பட்டது. வண்ணப்பூச்சுகளிலும் பிற பொருள்களிலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் பொருள் இது. தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்பதும் அறியப்பட்டதே. கருவிகளை இயக்கிச் சோதித்தபோது, அப்பொருளில் கணிசமான பங்கு இழைகளை விட்டு வெளியேறுவது தெரியவந்தது. அவ்வடிகட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே அளவினவல்ல. இன்று நம் சந்தையில் உள்ள எல்லாப் பூச்சுகளும் தீங்கானவை என்று கூறவும் நான் முற்படவில்லை. வெள்ளி வேறு, அக்கரிமப் பொருள் வேறு. நான் கூற விரும்புவது இதுதான்: ஒரு வடிகட்டி முழுநேரமும் காற்றோட்டத்தின் நடுவே இருக்கிறது. அதன் மேல் பூசப்பட்டது இழையை விட்டுப் பெயர்ந்தால், அது சென்று சேரும் இடம் நுரையீரல். ஒரு பொருள் கையில் பட்டால் தீங்கற்றது என்பதால், மூச்சில் கலந்தாலும் தீங்கற்றது என்று ஆகிவிடாது. நோயாளியின் நுரையீரலைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை. பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது; அஞ்சி வாங்கும் குடும்பத்தின் மேல் அது சுமத்தப்படலாகாது.

பெட்டியில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் உயிர்க்கொல்லிப் பொருள்கள் குறித்த சட்டத்தின்படி, கிருமியை எதிர்க்கும் தன்மை தனக்கு உண்டு என்று ஒரு பண்டம் கூறிக்கொண்டால், அதில் சேர்க்கப்பட்ட பொருளின் பெயரையும் அதன் பெட்டியில் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில், பூச்சு அந்தப் பண்டத்தையே பூஞ்சையிலிருந்தும் வாடையிலிருந்தும் காக்கிறது என்று கூறிக்கொள்ளத் தடையில்லை. மனிதரை நோயிலிருந்து காக்கிறது என்று கூற விரும்பினால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் சான்றுகளைத் தந்து பதிவு பெற்றாக வேண்டும். பண்டத்தைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் வெவ்வேறு என்ற இந்தப் பாகுபாடு மிக நுட்பமானது. பணிமனையில் நமக்குக் காட்டப்படும் பெட்டிகளிலும் இது தெளிவாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில் பிழையில்லை.

சோப்புக்கும் இதே சோதனை நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிக்கொல்லிகளை வீட்டு உபயோகக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அறிவித்தது. சாதாரண சோப்பையும் நீரையும் விட அவை மேலானவை என்பதற்கும், நாள்தோறும் நெடுங்காலம் பயன்படுத்தப் பாதுகாப்பானவை என்பதற்கும் உற்பத்தியாளர்கள் போதிய சான்று தரவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

ஆகவே, பூச்சுள்ள வடிகட்டியை யாரேனும் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பூசப்பட்ட பொருளின் பெயர் என்ன? காற்றோட்டத்தில் அது இழையை விட்டுப் பெயர்கிறதா என்று சோதிக்கப்பட்டுள்ளதா? பூச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த வடிகட்டி எந்த அளவுள்ள துகள்களை எத்தனை விழுக்காடு பிடிக்கிறது? மூன்றாவது கேள்விக்கு நல்ல விடை தரும் பெட்டி, மேலே கேடயம் வரையப்படாததாக இருந்தாலும், வாங்கத் தக்கதே.

நோயாளியைக் காரில் அழைத்து வரும்போது

காருக்குள் தொற்று பரவும் முதன்மையான வழி உடன் பயணம் செய்பவரின் மூச்சும் இருமலும். அருகில் அமர்ந்திருப்பவர் இருமும்போது, அந்த நுண்துளிகள் வடிகட்டியை அடையும் முன்பே நோயாளியை அடைந்துவிடும். எந்தப் பூச்சும் இதைத் தடுக்க இயலாது. எனவே சளி, காய்ச்சல் உள்ள உறவினர் எவ்வளவு அன்போடு உடன் வர முன்வந்தாலும், அன்று வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நோயாளிக்குச் செய்யும் நன்மை. இதைச் சொல்லும் சங்கடத்தை நோயாளியின் மேல் விடாமல், பராமரிப்பவர் தாமே ஏற்றுக்கொள்வது நல்லது.

காற்றோட்டம் அடுத்த பாதுகாப்பு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வில், ஓடும் காரின் எல்லாக் கண்ணாடிகளையும் மூடி வைப்பதே உடன் பயணிப்பவரின் மூச்சுத் துகள்கள் அதிகமாகப் பரவ இடம் தந்தது. எல்லாவற்றையும் திறப்பது அதை வெகுவாகக் குறைத்தது. வாடகைக் காரில் வருபவர்கள் ஓட்டுநரிடம் கண்ணாடியைச் சற்றே இறக்கச் சொல்லலாம். கட்டுமானப் பணி நடக்கும் இடத்தையோ புழுதி மிகுந்த சாலையையோ கடக்கும்போது மட்டும் கண்ணாடியை ஏற்றி, உட்காற்றே சுழலும் பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள். அவ்விடத்தைக் கடந்ததும் அதை விடுவித்துவிடுங்கள். நெடுநேரம் அப்படியே விட்டால், பலர் அமர்ந்துள்ள காரில் கரியமிலவாயு மிகுந்து தலைபாரமும் சோர்வும் உண்டாகும்.

வடிகட்டியை வாகனக் கையேட்டில் குறித்துள்ள காலத்துக்குள் மாற்றுங்கள். தூசி மிகுந்த சாலைகளில் ஓடும் காருக்கு அதற்கு முன்னரே மாற்ற வேண்டியிருக்கும். பழைய வடிகட்டியைத் தட்டியோ காற்றடித்தோ திரும்பப் பொருத்த வேண்டாம். அவ்வாறு தட்டும்போது அதில் தங்கியுள்ள வித்துகள் காற்றில் பறக்கும். மாற்றும் வேளையில் நோயாளி காரிலோ அருகிலோ இருக்கக் கூடாது. கிருமிநாசினித் தெளிப்பானையும் நறுமணப் பொருளையும் ஏ.சி. துளைகளில் அடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

கீமோதெரபி பெறுபவர்களுக்கு வெள்ளணுக்கள் பொதுவாக மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் மிகக் குறைவாக இருக்கும். அந்நாட்களில் பயணம் செய்யும்போது அணிய வேண்டிய முகக்கவசம் எது என்பதை உங்கள் சிகிச்சைக் குழுவிடம் கேட்டறியுங்கள். அக்காலத்தில் வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை நோயாளியின் உடலிலேயே, குடலிலும் தோலிலும், வாழும் கிருமிகளிலிருந்து எழுபவை. எவ்வளவு தூய காரில் வந்தாலும் அவை வரக்கூடும். அதனால்தான், உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், இரவாயினும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். பூச்சுக்காகத் தரவிருந்த கூடுதல் பணத்தில் ஒரு நல்ல வெப்பமானி வாங்கினால், அது நோயாளிக்கு அதைவிடப் பன்மடங்கு பயன்படும்.

சொந்தக் கார் இல்லாத குடும்பங்களையும் இங்கே எண்ணிப் பார்க்கிறேன். நம் வாசகர்களில் பலர் பேருந்திலும் ரயிலிலும் ஆட்டோவிலும் வருபவர்கள். விலை கூடிய வடிகட்டியுள்ள காரில் அழைத்து வர இயலவில்லையே என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. நன்கு பொருந்திய முகக்கவசம், கூட்டம் குறைந்த வேளையைத் தேர்ந்து புறப்படுதல், சன்னலோர இருக்கை, இறங்கியதும் சோப்பிட்டுக் கை கழுவுதல் ஆகியவை தரும் பாதுகாப்பு, பெட்டியில் வரையப்பட்ட எந்தக் கேடயத்துக்கும் குறைந்ததன்று.